ஆட்சேபணை இல்லை என்றால் போதாதாம்

அன்புள்ள அத்தானுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். நீங்களும் மாமாவும் நலமா? நம் பிள்ளை ஜெரினுக்குச் சளி விட்டதா?

அவனை இங்கே அழைத்துக்கொள்ள நீங்கள் அனுப்பிய கடிதத்தை விசா அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. திராட்சை அறுப்புக்கு நடுவில் தேனி வரை அலைந்து, மூன்று முத்திரையோடு நீங்கள் வாங்கியது நம் ஊர் வழக்கப்படி ‘நோ அப்ஜெக்‌ஷன்’. இவர்கள் கேட்பது ‘கன்சென்ட்’, அதாவது சம்மதம்.

என்னோடு வேலை பார்க்கும் பழனிசெட்டிபட்டி யுவராணி அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. “ஏத்தா, ஆட்சேபணை இல்லைன்னா தடுக்க மாட்டாகன்னுதான் அர்த்தம். பிள்ளையக் கூட்டிக்கன்னு அவுக வாயால சொல்லணும்ல?” என்றார். லைசென்ஸ் என்பது நர்ஸ் வேலை பார்க்க, பெர்மிட் என்பது இங்கே தங்க, இரண்டும் அரசாங்கம் தருவது; கன்சென்ட் மட்டும் பெற்றவர் மனதாரத் தருவது என்று அவர் பிரித்துச் சொன்னபோது, நாலு வருடம் கல்லூரியில் படித்த நான் அசந்துபோய் நின்றேன்.

ஜெரினின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், குளிருக்கு ஷூ வாங்க வேண்டும். அவன் இங்கே வந்துவிட்டால் அங்கே வீடு உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் உண்மையிலேயே சம்மதமானால் மட்டும் அந்தச் சொல்லை எழுதுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

கிளாரா