பாசி என்று நினைத்துச் சுரண்டியது

சேசு மரி சூசை

திண்டுக்கல்
9.2.86, ஞாயிறு

அன்பு மகள் ஐரினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பிலாய்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று தெரியாமல் ஒன்றரை மாதமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு முன்னால் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை, போடாததில் தப்பில்லை. மடத்தில் வளரும் பிலோமினா என்ற பெண்குழந்தையை எடுத்து வளர்க்கப் போகிறோம், பெரியவர்கள் சம்மதம் என்று கையெழுத்து இருந்தால்தான் கொடுப்போம் என்று சிஸ்டர் சொல்கிறார்கள், ஈஸ்டருக்குள் அனுப்புங்கள் என்று தாளையும் வைத்து அனுப்பியிருந்தாய். நான் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நம்ம சாடை ஒரு துளி இல்லாத பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் இது யார் பிள்ளை என்றுதானே ஊர் கேட்கும் என்று எழுதிவிட்டேன். அப்பாவிடம் காட்டாமல் ஒட்டிக் கொடுத்தேன், விவரம் தெரியாமல் அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார் பாவம்.

இங்கே குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது, அதிலும் குடத்துக்குச் சண்டை. பக்கத்து வீட்டு சுந்தரம்மாளுக்கு முழங்கால் வலி, உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அப்பாவுக்கு ஜூனில் ரிட்டயர்மெண்ட். முப்பது வருஷமாகக் காலேஜ் லேபில் கண்ணாடித் தட்டு கழுவியும் அலுக்கவில்லை, ஐப்பசியில் பையன்களோடு சிறுமலைக்குப் போனவர் ஒரு பெரணி இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் பொட்டு. பூச்சி விழுந்த இலை என்று நான் குப்பையில் போடப் போனேன், ஏய் ஏய் என்று பிடுங்கிக்கொண்டார். இதற்குப் பூவும் கிடையாது விதையும் கிடையாது, இந்தப் பொட்டிலிருந்து உதிர்கிற தூள்தான் எல்லாம் என்றார். மண்ணைச் சலித்து வேகவைத்து இரண்டு சட்டியில் போட்டுத் தூளைத் தூவிக் கண்ணாடி மூடி, குளியலறை ஜன்னல் நிழலில் வைத்தார். அதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் தெளிக்க வேண்டுமாம், நான் குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரில் அதற்கும் பங்கு.

கிறிஸ்துமசுக்கு வீடு கழுவும்போது ஒரு சட்டியில் பச்சையாகப் பாசி படிந்து கிடந்தது, தேங்காய் நாரால் சுத்தமாகச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அப்பா வந்து கவிழ்த்த சட்டியைப் பார்த்தார். பண்டிகையும் அதுவுமாகக் கறிக்குழம்பு இருக்க, ரசம் சோறு போதும் என்றுவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, அவர் கோபம் ரசத்தோடு சரி. இன்னொரு சட்டி வாளிக்குப் பின்னால் இருந்ததால் என் கையில் மாட்டாமல் தப்பித்தது.

போன வியாழக்கிழமை அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து லென்சையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெற்றிலையைத் துவரம்பருப்பு அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று மண்ணோடு ஒட்டிக் கிடந்தது, தண்டு இல்லை, நரம்பு இல்லை. பெரணி எங்கே என்று கேட்டேன். இதுதான் பெரணி பெத்த பிள்ளை என்றார். என்னங்க இது, தாயோட சாடை கொஞ்சங்கூட இல்லையே என்றேன். இருக்காது, இதுக்குள்ளதான் ஆணும் பொண்ணும் இருக்கு, மேல தண்ணி நின்னாத்தான் நீந்திப் போய்ச் சேரும் என்று கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார், முப்பது வருஷம் பையன்களுக்குப் படம் மாட்டியவருக்கு என்னிடம் சொல்ல வெட்கம். அப்புறம் அதற்கு அடியிலிருந்து குட்டியாக ஓர் இலை கிளம்புமாம், அது வேர் பிடிக்கிற வரைக்கும் இந்தத் துணுக்குதான் ஊட்டி வளர்க்குமாம், பிறகு இது வாடிவிடுமாம். அந்தக் குட்டிதான் வளர்ந்து சிறுமலையில் பார்த்த பெரணி மாதிரி ஆகுமாம்.

அவர் சொல்லிக்கொண்டே போகிறார், எனக்கு நான் சொன்ன வார்த்தைதான் காதில் நிற்கிறது. சொந்தமாகப் பெற்றதே தாய் சாடை இல்லாமல் கிடக்க, நான் எதைப் பிடித்துக்கொண்டு உன்னை அப்படிக் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உனக்கு எழுதியதை ஒரு வரி விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் லென்சைத் துடைத்துக்கொண்டே, அந்தத் தாளை எடுத்துட்டு வா என்றார்.

தாயி, ஆறு வருஷம் நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியதை நான் அறிவேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத் தேற்றியவள், உனக்கு ஒரு நல்லது வரும்போது நாக்கில் விஷத்தை வைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு. என் கடிதத்தைப் பார்த்துவிட்டு மடத்தில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இது கையில் கிடைத்த அன்றே போய்த் திரும்பக் கேள், மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. ஒன்றேகால் வயசு என்று எழுதியிருந்தாய், முதல் ஒரு மாதம் சிஸ்டரைத் தேடித்தான் அழும், உன்னிடம் ஒட்டாது, அதற்காக நீ மூலையில் உட்கார்ந்து அழாதே. கேழ்வரகு கிடைத்தால் பாலெடுத்துக் காய்ச்சிக் கொடு, குளிரில் தினமும் தலைக்கு ஊற்றாதே. மே மாத லீவில் நாங்கள் வருகிறோம், அப்பா டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

உங்கள் மூன்று பேரையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். வருகிற புதன்கிழமை விபூதித் திருநாள், இது கைக்கு வருவதற்குள் பூசைக்குப் போய் வந்திருப்பாய். தாளை இதோடு ரிஜிஸ்தரில் வைத்திருக்கிறேன், மடக்கு கிழியாமல் பிரி. அப்பா இங்கிலீஷில்தான் நிரப்பினார். குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் வளர்ப்புப் பாட்டி என்று எழுதப் போனார், சட்டப்படி அதுதான் சரி என்கிறார். நான் பேனாவை வாங்கி, பிலோமினாவுக்கு அம்மாச்சி என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். சிஸ்டருக்குப் புரியவில்லை என்றால் நீ வாசித்துக் காட்டு.

இப்படிக்கு
உன் அம்மா
வியாகுலம்மாள்