நூறு முஹம்மது உயிரோடு இருக்கிறார்

ஜூன் 3, செவ்வாய்

இ-சேவை மையத்துக்கு நான் வைத்த பெயர் இம்சை மையம். இன்றைக்கு ஒன்றரை மணி நேரம். கவுண்டர் அண்ணன், "சர்வர் இல்லம்மா" என்றார். "வேற டேபிளுக்கு சாம்பார் ஊத்தப் போயிருப்பாரு, வருவாரு" என்றேன். சிரித்தார். காகிதங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னா பாப்பா, ரேஷன் கார்டுல உங்கப்பா பேரு நூறு முஹம்மதுன்னு கீது. இறப்புச் சான்றுல நூர் முஹம்மது. நூர் செத்துட்டாரு, நூறு உயிரோட கீறாரு. வாரிசுச் சான்று எப்டி வரும்? மொதல்ல பேரைத் திருத்து, அப்பால நீக்கு, அப்பால வா."

காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த 'று' என்னுடையது.

ஜூன் 4

இரண்டு வருஷம் முன்னால் கார்டில் விலாசம் மாற்றினோம். பாண்டி பஜார் தையல் கடையில், அத்தா பிளவுஸ் வெட்டிக்கொண்டிருக்க, அவர் போனில் நான்தான் அடித்தேன். என்-ஓ-ஓ-ஆர். நூர், நூறு, நூரு என்று மூன்று காட்டியது. சும்மா ஒரு தமாஷுக்கு நடுவில் இருந்ததைத் தொட்டேன்.

கார்டு வந்தது. அத்தா சிரித்தார். "நான் நூறு வயசு இருக்கணும்னு கம்ப்யூட்டருக்கே ஆசை பாருடி வஜீஹா!" வருகிற கஸ்டமருக்கெல்லாம் காட்டினார். நான்தான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

நாற்பத்தேழு வயசிலேயே போய்விட்டார். ஏப்ரலில், வெட்டு மேஜை மேலேயே சாய்ந்து.

ஜூன் 7, பக்ரீத்

அத்தா தைக்காத முதல் சுடிதார். கழுத்தைக் கடிக்கிறது.

ஜூன் 10

அத்தா போனார், இத்தா வந்தது. நாலு மாசம் பத்து நாள் துக்கம் காக்க, அம்மா வாசல் தாண்டக் கூடாது. அதனால் எல்லாம் என் தலையில்.

கடைக்குச் சொந்தக்காரர் சுப்பராமன் மாமா வந்தார். அம்மா திரைக்கு உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள வாரிசுச் சான்று வந்துட்டா கடை வாடகைச் சீட்டை உங்க பேருக்கே எழுதித் தந்துடறேம்மா. மச்சினன் செல்போன் கடை வெக்கணும்னு நச்சரிச்சுண்டிருக்கான்."

அவர் போனதும் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பித்தேன். ஓ.டி.பி அத்தா நம்பருக்குத்தான் போகும். அவர் போன் தையல் மிஷின் மேல் கிடக்கிறது, அம்மா தினமும் சார்ஜ் போடுகிறாள். அது அதிர்ந்ததும் மிஷின் ஓடுகிற சத்தம். அதே சத்தம். ஆறு எண்கள். கீழே: 'இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

யாருக்குச் சொல்றீங்க, அத்தா?

ஜூன் 13

'பரிசீலனையில் உள்ளது.' இருபத்து மூன்று முறை பார்த்தேன்.

ஜூன் 18

திருத்தியாச்சு. நூர் முஹம்மது, குடும்பத் தலைவர். சரியான பெயரில், உயிரோடு.

அடுத்தது பெயர் நீக்கம். காரணம் கேட்கிறது. திருமணம், இறப்பு... விரல் போகவில்லை. 'நேரம் முடிந்தது' என்று அதுவே வெளியே தள்ளியது. நாலு தடவை. அம்மாவிடம், "சர்வர் இல்லம்மா."

ஜூன் 21

"தெனம் சர்வர் இல்லையா? யார்கிட்ட வெளையாடுற?" என்றாள் அம்மா.

அழுதுட்டேன். நூறு, நான்தாம்மா, நான்தான் தொட்டேன், வேணும்னேதான் — எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்புறம்: "அவருக்குத் தெரியும்டி. நீ தொட்டப்போ பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தாராம். திருத்திடலாமேன்னேன். 'அவளே வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நூறாவே இருக்கேன்'னாரு."

மறுபடி விண்ணப்பத்தைத் திறந்தேன். மிஷின் ஓடியது. அம்மாவே போனை எடுத்து ஆறு எண்களையும் படித்தாள். நான் 'இறப்பு' தொட்டேன்.

ஜூன் 27

அத்தா போனுக்கு வந்தது: 'நூர் முஹம்மது என்ற பெயர் தங்கள் அட்டையிலிருந்து நீக்கப்பட்டது.' அவருக்கே சொல்கிறார்கள்.

ஜூன் 28

மாசக் கடைசிக்குள் சான்று வராது. சுப்பராமன் மாமாவிடம் அவகாசம் கேட்டேன். "அப்ளை பண்ண சீட்டைக் காட்டு, போறும். மச்சினனை நான் பாத்துக்கறேன்" என்றார்.

வாரிசுச் சான்று விண்ணப்பம். இறந்தவர் பெயர்: என்-ஓ-ஓ-ஆர். அதே மூன்று வந்து நின்றன.

தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.