பருத்திக் காட்டுக்கு வரும் கார்

மிசிசிப்பி,
ஜூலை 1936

கர்த்தருக்குள் அன்பான மகள் வெர்லீனுக்கு,

அம்மா ஓசெல்லா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் அக்கா மகள் பியூலாவும் சுகம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நீ இங்கே வராதே.

கல்லூரியில் நீ அந்தச் சகோதரியர் மன்றத்தில் சேர்ந்தபோது, வெள்ளைக் கையுறை போட்டுத் தேநீர் குடிக்கும் கூட்டம் என்று கேலி செய்தேன். பிறகு, மன்றத்துத் தோழிகளோடு காரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போடப்போகிறோம் என்று எழுதினாய். எதற்காகப் படிக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் எழுதியிருந்தாய். அதைச் சபையில் வாசித்துக் காட்டினேன். நீ மன்றத்து பேட்ஜோடு எடுத்த படத்தைச் சுவரில் மாட்டினேன். அதுதான் வினையாயிற்று.

போன வாரம் கங்காணி கிராண்டல் துரை உள்ளே நுழைந்து படத்தைப் பார்த்தார். "நெஞ்சுல என்னடி பேட்ஜு? வாரத்துக்கு உழுறவங்க சங்கமா? உம் மகளும் அந்தக் கும்பல்தானா?" என்றார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பரிசு துரை என்றேன். நம்பவில்லை. படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சங்கத்து ஆள் என்று சொல்லித்தான் லூஷியஸ் மாமாவை விதைப்புக் காலத்தில் துரையின் ஆட்கள் கூட்டிப்போனார்கள். இன்னும் வீடு திரும்பவில்லை. இப்போதெல்லாம் நாய் குரைத்தாலே விளக்கை அணைத்துவிடுகிறேன்.

பருத்தி பூத்துவிட்டது, மழைதான் போதவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு டெல்லாவின் சின்னக் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் வந்தேன். அதே தொண்டை அடைப்பான்தான். டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓசெல்லாக்கா, உங்க மக ஊசியோட வருவான்னீங்களே, எப்ப வருவா?" என்று கேட்டாள். வராதே என்று எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? பியூலா அந்தக் குழந்தையோடுதான் விளையாடிக்கொண்டிருந்தாள். காலையும் மாலையும் அவள் வாயைத் திறந்து பார்க்கிறேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு மின்னி மட்டும் துணிந்து பேசினாள். "வரட்டும் அந்தத் துரை. புள்ளைங்கள இடுப்புல வச்சிக்கிட்டு நாமெல்லாம் காரச் சுத்தி நின்னுக்குவோம். எத்தன பேரத் தள்ளுவான்?" என்றாள். அவள் வாய் எப்போதும் அப்படித்தான். எனக்கு அந்தத் தைரியமில்லை, எனக்குப் பயம்தான்.

ஆனாலும் வா, வெர்லீன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, அதுவும் என் மனதில் இருப்பதுதான். பேட்ஜை அங்கேயே வைத்துவிட்டு வா. ஞாயிறு காலையில் வா, துரை அப்போது வெள்ளைக்காரர் கோயிலில் இருப்பார். டெல்லாவுக்கு மிச்சமிருக்கும் பெண்ணுக்கு முதலில் போடு, பிறகு பியூலாவுக்கு.

எந்த வண்டியும் உங்கள் பின்னால் வராதபடி கர்த்தர் காக்கட்டும். ஊசி போட்டு முடித்ததும் நிற்காமல் கிளம்பிவிடு, கண்ணே. கூட்டத்தில் நானும் நிற்பேன். துரையின் ஆள் யாராவது அங்கே நிற்கக்கூடும்; எல்லார் முன்னாலும் என்னை அம்மா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே.

உன் அம்மா,
ஓசெல்லா