வேதா மிஸ் பார்க்காத காக்கா

10 பிப்ரவரி 2003, திங்கள்

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் என்றால் பத்து மணி வரை தூங்குவார்கள் என்று ஜோகுபாளையம் முழுக்க ஒரு நினைப்பு. இங்கே பால்காரர் போன கையோடு, என்னிடம் படிக்கிற மூன்று பேரில் ஒருவனான ப்ரஹ்லாத் வந்து கதவைத் தட்டுகிறான். என் வீட்டுக்காரர் உத்தமனுக்கு இதில் தீராத எரிச்சல். "ஸ்கூல் வேலைய விட்டா நிம்மதியா தூங்கலாம்னு சொன்னியே வேதா" என்றார், போர்வைக்குள்ளிருந்தபடியே.

காலையில் அல்சூர் ஏரிக்கரை. திரும்பி வந்து மொட்டைமாடியில் கதை வாசிப்பு. அப்புறம் எழுத்து. தமிழோ இங்கிலீஷோ, அன்று எது வருகிறதோ அது. விதி ஒன்றுதான்: பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுது, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதே. கதை எழுதலாம், கதை விடக் கூடாது.

இன்று ப்ரஹ்லாத் நீர்க்காகத்தைப் பற்றி ஒரு பக்கம். கவியரசன், பதினோரு வயசுக் குட்டி, நீர்க்காகத்தை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு பன் தின்ற ஒரு மனிதரைப் பற்றி முக்கால் பக்கம். ரொம்ப நன்றாக இருந்தது. தீபிகா ஒரு வரி எழுதினாள். அதையும் ரப்பரால் அழித்துவிட்டாள்.

பேசச் சொன்னால் இவளை நிறுத்த முடியாது. ஏரியிலிருந்து வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள், அத்தனையும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. பென்சிலைக் கையில் கொடுத்ததும் வேறு பிள்ளை. "தப்பா வந்துடுச்சு மிஸ்." எது தப்பு என்று கேட்டால் தெரியாது. ஆறாவதில் பரீட்சைத் தாளைத் தேய்த்துத் தேய்த்தே கிழித்திருக்கிறாள். போன ஜூனில் அவள் அம்மா லாவண்யா பள்ளியிலிருந்து நிறுத்தி என்னிடம் அனுப்பினாள். எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வரி.


17 பிப்ரவரி, திங்கள்

மாடியில் என் கருவேப்பிலைத் தொட்டி இருக்கிறதே, அதில் ஒரு இலைமேல் பறவை எச்சம். கவியரசன் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். ப்ரஹ்லாத் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நானும்தான். தீபிகா மட்டும் அங்கேயே குந்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், எச்சம் நடக்குது" என்றாள்.

கம்பளிப்பூச்சி இல்லை, ரோமம் இல்லாத ஒரு புழு. பட்டாம்பூச்சி ஆகப்போவது. எச்சம் மாதிரி வேஷம் போட்டுப் பிழைக்கிறது. பன்னிரண்டு வயசுக்காரிக்குத் தெரிந்தது முப்பத்தாறு வயசுக்காரிக்குத் தெரியவில்லை.

பேர் வைத்துவிட்டாள்: கோவிந்தப்பா. ஆஸ்டின் டவுனில் அவர்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பேராம். அவரும் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டேதான் இருப்பாராம்.


22 பிப்ரவரி, சனி

தீபிகாவின் அப்பா கிஷோர் வந்திருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனி. தர்மபுரிப் பக்கம் ஒரு ஊரில் தமிழ் மீடியத்தில் படித்து மார்க் வாங்கியே இங்கு வரை வந்தவர். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம். ஏரி, மரம் எல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா நான் பரீட்சை எழுதிதான் மேல வந்தேன். இவ ஒரு தாள்கூட முடிக்க மாட்டேங்கறா. நாளைக்கு என்ன பண்ணுவா?"

சந்தாபுரா தாண்டி ஒரு ஹாஸ்டல் பள்ளி பார்த்து வைத்திருக்கிறாராம். காலை ஐந்து மணிக்கு எழுப்பி எழுதவைத்துவிடுவார்களாம். மார்ச் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம்.

"ஒரு பக்கம் மேடம். அவளா எழுதின ஒரே ஒரு முழுப் பக்கம் காட்டுங்க. நான் அந்தப் பேச்சையே விட்டுடறேன்."

சண்டை போடத் தயாராக இருந்தேன். சண்டைக்கு இடமே தரவில்லை அந்த மனிதர். பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் குழந்தையை ஹாஸ்டலில் போட்டால் பேச்சும் போய்விடும் என்று மட்டும் சொன்னேன்.


24 பிப்ரவரி, திங்கள்

ரப்பரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். எச்சில் தொட்டு விரலால் அழிக்கிறாள்.


7 மார்ச், வெள்ளி

கோவிந்தப்பா பச்சையாகி, கொழுத்து, தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டிப் பயமுறுத்தி, செடியைப் பாதி மொட்டையடித்தபின் இன்று ஓய்ந்துவிட்டது. ஒரு காம்பில் தன்னை நூலால் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது. இலையோடு இலையாகப் பச்சைக் கூடு. தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

தீபிகா கட்டளை போட்டாள். இந்தத் தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது, தாளிக்க வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

எழுத்து? "கூடு பச்சையாக இருக்கிறது." அழிக்கவில்லை. அதற்கே எனக்கு ஊரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் கிஷோர் கேட்டது ஒரு வரி இல்லையே.


11 மார்ச், செவ்வாய்

நான் ஒரு மடச்சி.

நேற்று சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கீழ் வீட்டு யூனிஸ் ஆன்ட்டி எப்போதும் குழம்பு கொதிக்கும்போதுதான் கருவேப்பிலை கேட்பார். கீழே நின்று, "வேதா, ரெண்டு ஈர்க்கு போடும்மா, மீன் குழம்பு எறக்கப் போறேன்" என்று குரல் கொடுத்தார். ஏழு வருஷப் பழக்கம். தோளில் துணி, கை தானாகப் போனது, நல்ல தழைத்த கொத்தாகப் பார்த்து ஒடித்துக் கீழே போட்டேன்.

காலையில் பிள்ளைகள் வந்து தொட்டியைப் பார்த்தார்கள். காம்பு ஒடிந்திருந்தது. கூடு இல்லை.

"மிஸ், கோவிந்தப்பா எங்க?"

எப்படிச் சொல்வேன்? மீன் குழம்புல போயிடுச்சுன்னு அந்தக் கொழந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? சத்தியம் வேற பண்ணியிருக்கேன்.

"காக்கா கொத்திட்டுப் போயிருக்கும்மா. நான்கூட காலையில ஒண்ண இங்க பாத்தேன்" என்றேன்.

பார்த்தேன் என்று வேறு சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். கவியரசன் அழுதான். தீபிகா அழவில்லை, மதில் மேலெல்லாம் போய்த் தேடினாள். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

யூனிஸ் ஆன்ட்டியிடம் கேட்கலாம். குழம்பில் போட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.


12 மார்ச், புதன்

இன்றைக்கும் சொல்லவில்லை.


14 மார்ச், வெள்ளி

கதை வாசித்துக்கொண்டிருந்தோம். யூனிஸ் ஆன்ட்டி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"வேதா, அன்னிக்கி நீ போட்ட கருவேப்பில மிச்சத்த பேப்பர்ல சுத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சினு இருந்தேன். இப்ப எடுக்கறேன், என்னமோ கூடு மாதிரி ஒட்டினு இருக்குதும்மா. பயந்துட்டேன் நான்."

பொட்டலத்தைப் பிரித்தார். கோவிந்தப்பா. சில்லென்று, பச்சையாக, முழுசாக.

கவியரசன் துள்ளினான். ப்ரஹ்லாத் பாதிக் கன்னடத்தில், "ஸ்வல்ப இருங்க. அப்போ காக்கா?" என்றான். தர்க்கத்தில் அவனை ஏமாற்ற முடியாது. தீபிகா கூட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. யூனிஸ் ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியாமல், "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?" என்று கேட்டார் பாவம்.

தீபிகா ஒரு தாள் கேட்டாள். தண்ணீர்த் தொட்டி மறைவில் போய் உட்கார்ந்தாள். இன்னொரு தாள் வேண்டும் என்று கை மட்டும் நீண்டது. கொடுத்தேன். எங்கள் யாருக்கும் கதை ஓடவில்லை.

வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். இரண்டு தாளும் நிறைந்திருந்தது, தமிழில். ஒரு இடத்தில்கூட அழித்திருக்கவில்லை. வாசித்து முடித்து என் மடியில் வைத்தாள். அதிலிருந்து கொஞ்சம் இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கு வேண்டும்:

"வேதா மிஸ் மேல் புகார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது என்பது வேதா மிஸ் போட்ட ரூல். வேதா மிஸ் காக்காவைப் பார்க்கவில்லை. நான் மூன்று நாளாக எல்லாக் காக்காவையும் முறைத்தேன். ஒரு காக்காவைக் கல்லால் அடித்தேன். அந்தக் காக்கா ஒன்றும் செய்யவில்லை. அதற்கு இப்போது யார் சாரி சொல்வது? கோவிந்தப்பா இருட்டில் குளிரில் இருந்தபோது நாங்கள் ஏரியில் வாத்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேதா மிஸ் எனக்குப் பிடித்த மிஸ். அதனால்தான் நான் காக்காவை நம்பினேன்."

இன்னும் இருக்கிறது. நான் பிள்ளைகள் எதிரில் அழுதேன். சாரி சொன்னேன். "எனக்கு இல்ல மிஸ், காக்காவுக்கு" என்றாள். கூட்டைக் காம்போடு எடுத்துத் தன் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டாள். இனிமேல் அது என் வீட்டில் இருக்கக் கூடாதாம்.


15 மார்ச், சனி

உத்தமனிடம் தாள்களைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "உன்ன பொய் சொன்னவன்னு எழுதியிருக்கா, நீ என்ன மெடல் வாங்கின மாதிரி காட்டற" என்றார்.

காட்டத்தான் காட்டுவேன். ஒன்பது மாதம் காத்திருந்தேனே இதற்கு.

ஆனால் கிஷோருக்கு? அவர் கேட்ட பக்கம் என் கையில் இருக்கிறது. அவர் பிள்ளையிடம் சத்தியம் செய்து மீறி, அப்புறம் பொய்யும் சொன்ன டீச்சர் என்று அந்தப் பக்கமே சாட்சி சொல்கிறது. எந்தத் தகப்பன் அதற்கப்புறம் பிள்ளையை என்னிடம் அனுப்புவான்?


25 மார்ச், செவ்வாய்

லாவண்யா போன் செய்தாள். விடியற்காலையில் அவர்கள் சமையலறை ஜன்னலில் கோவிந்தப்பா வெளியே வந்துவிட்டதாம். கறுப்பு இறக்கை, வெள்ளைப் புள்ளிகள். "அவரு அப்படியே நின்னு பாத்துனு இருந்தாரு மேடம். ஆபீஸ் பஸ்ஸ விட்டுட்டாரு."

சந்தோஷமாக இருந்தது. அதோடு, மார்ச் முடிய இன்னும் ஒரு வாரம்தான் என்பதும் ஞாபகம் வந்தது.


27 மார்ச், வியாழன்

தீபிகாவை வேறு ஏதாவது எழுதச் சொன்னேன், கிஷோரிடம் காட்ட. வாத்து, வாட்ச்மேன், எதுவானாலும். நான் செய்தது கோழைத்தனம் என்று எழுதும்போதே தெரிகிறது. காலை முழுக்க உட்கார்ந்தாள். இரண்டு வரி, விரலால் தேய்த்த கறை.

அப்புறம் மனசு கேட்காமல், "அந்தப் புகாரையே அப்பாகிட்ட குடுக்கலாம்" என்றேன்.

"வேணாம் மிஸ்."

"ஏன்?"

"அப்பா உங்கள நிறுத்திடுவாரு."

அப்படியானால் ஹாஸ்டலுக்குப் போவாயா என்றேன். செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டாள். போவாள் போலிருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக இந்த வாயாடி ஹாஸ்டலுக்குப் போகத் தயாராக இருக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"பொய் சொன்னது நான். அத மறைக்கற வேலைய நீ ஏண்டி பாக்கற?" என்றேன்.

"சரி. ஆனா நானே குடுப்பேன். நீங்க கூட வரணும்."


30 மார்ச், ஞாயிறு

ஆஸ்டின் டவுன் போய்விட்டு வந்தேன். கிஷோர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். லாவண்யா எனக்கு மோர் கொடுத்தாள், குடிக்க முடியவில்லை. தீபிகா என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இது நெஜமா மேடம்? காக்கான்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க."

மறுபடி முதல் தாளுக்குப் போனார். "தமிழ்ல எழுதியிருக்கா" என்றார். அப்புறம், "அழிக்கவே இல்ல" என்றார். லாவண்யா போய் மின்விசிறியைப் போட்டாள், அதற்கு அவசியமே இல்லை.

ஹாஸ்டல் இல்லை. ஆனால் ஜூனில் அல்சூரிலேயே ஒரு பள்ளியில் ஏழாவது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள், சனிக்கிழமை மட்டும் என்னிடம். "உங்க மேல கோவம் இல்ல மேடம். முடிக்க முடியுதுன்னு தெரிஞ்சிடுச்சு, இனி ஸ்கூல்லயும் அவ எழுதி பாக்கட்டும்." தீபிகாவைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

வேண்டியது கிடைத்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது ஏன் அப்படி அழுதேன் என்று தெரியவில்லை. பக்கத்து சீட் அம்மா கன்னடத்தில் என்னவோ ஆறுதல் சொல்லி ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.


2 ஜூன், திங்கள்

இரண்டு பேர்தான். ஏரிக்கரையில் வழியெல்லாம் அமைதி. ப்ரஹ்லாத், "ரொம்ப சும்மா இருக்குல்ல மிஸ்" என்றான்.


10 ஜூலை, வியாழன்

ராத்திரிச் சமையலுக்கு நடுவே கிஷோர் போன். குரல் ஒரு மாதிரி இருந்தது. பள்ளியில் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாராம். விளையாட்டு பீரியடை எல்லாம் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்கிறார் என்று தீபிகா புகார் எழுதி, வகுப்பில் பாதிப் பேரிடம் கையெழுத்து வாங்கி, நேராக பிரின்சிபால் மேஜையில் வைத்துவிட்டாளாம்.

"எத்தனை பக்கம்?" என்றேன். முதலில் அதுதான் வாயில் வந்தது.

"மூணு மேடம்." சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் குரலை இறக்கினார். "எனக்கு பிரின்சிபால் ரூம்னாலே இன்னும் நாக்கு ஒட்டிக்கும். அவ எழுதினதுல ஒரு வார்த்தகூட தப்பு இல்ல. அத நான் அங்க சொல்லணும். நீங்க பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன்."

காட்டன் புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வந்து என்னைக் கூட்டிப்போகிறாராம்.