அரக்கு நூல் பந்து

ஜூலை 27, ஞாயிறு

இன்னைக்கு இவரு ஜன்னலுக்கு வலை அடிச்சாரு.

ஜெயப்ரியா பொறந்த வருஷம் கேட்டேன். குழந்தை உடம்பெல்லாம் கொசு கடிச்சித் தடிப்பா இருக்குது, ஒரு வலை அடிச்சிக் குடுங்கன்னு. நாளைக்கு, அடுத்த வாரம், தறியில இருக்குற இந்தப் புடவைய நெஞ்சி முடிச்சி அறுக்கட்டும் — இப்படியே சொல்லிச் சொல்லி இப்ப அவ மூணாங்கிளாஸ் போறா. இன்னைக்கு டீ குடிச்ச கையோட கடைக்குப் போயி வலை வாங்கினு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, எல்லா ஜன்னலுக்கும் அடிச்சி முடிச்சிட்டாரு. சாப்பிடக் கூப்பிட்டதுக்கு, இரு துர்கா, இந்த மூலை மட்டும்னாரு. பனியன் நனைஞ்சி முதுகோட ஒட்டிக்கிச்சி.

யாருக்காக? ரெண்டு பூனைக்குட்டிக்காக. அதுங்க இன்னும் வீட்டுக்கே வரல.

எலி கடிச்சது நிஜம்தான். போன மாசம் தறியில இருந்த பாவு நூல்ல ஒரு கை அகலத்துக்கு நறுக்கி வச்சிட்டுது. அறுந்த இழைய ஒண்ணொண்ணா முடிச்சுப் போட்டது நான். கழுத்து வலி இன்னும் போகல. பூனை வேணும்னா நானும் சரின்னுதான் சொல்லுவேன். ஆனா தீபிகா வீட்டுப் பூனைதான் வேணுமா? இந்தக் காஞ்சிபுரத்துல வேற பூனையே குட்டி போடலையா?

தீபிகா இவரோட தாய்மாமன் பொண்ணு. முறைப்பொண்ணு. இவருக்குத்தான்னு சின்னதுலேயே பேசி வச்சிருந்தாங்களாம். என் கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மா என் காதுபடவே சொல்லிச்சி. ஏன் நடக்கலன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. இத்தினி நாள் சென்னையில இருந்தா. இப்ப ஒரகடத்துல ஏதோ கம்பெனியில சேந்து, இங்க ஓரிக்கையில வாடகைக்கு வந்திருக்கா. கல்யாணம் பண்ணிக்கல. பூனை வளக்குறா.

ஜூலை 29, செவ்வாய்

அவகிட்டேருந்து வாய்ஸ் மெசேஜ். இவரு தறிய நிறுத்திட்டுக் கேட்டாரு.

தறிய நிறுத்திட்டு! நான் ஒரு வார்த்தை சொல்லணும்னா அந்தச் சத்தத்துக்கு மேல தொண்டை கிழியக் கத்தணும். கத்திக் கத்தி என் குரலே இப்படி ஆயிடுச்சி. எங்கண்ணன் வீட்டுக்கு முசரவாக்கம் போனா, ஏம்மா சண்டை போடுறன்னு கேக்குறாங்க.

இவரு கால விட்டு மிதிக்கிற தறிக்குழிக்கு மூடி போடணுமாம். பீரோவுக்குப் பின்னாடி இருக்குற சந்த அடைக்கணுமாம். பினாயில் ஊத்தித் துடைக்கக் கூடாதாம். மணி பிளாண்ட் பூனைக்கு ஆகாதாம், எடுத்துடணுமாம். "அப்புறம் முக்கியமா நூலு மாமா. தரையில நூல் கிடக்கவே கூடாது. முழுங்கிடும். அக்காகிட்ட சொல்லுங்க."

அக்காகிட்ட சொல்லணுமாம். நெசவுக்காரன் வீட்டுல நூல் கிடக்கக் கூடாதாம். எங்க வீட்டுல சோத்துத் தட்டுலயே நூல் வரும், எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுவோம். இத்தினி வருஷமா நாங்க செத்தா போயிட்டோம்?

மாமா, மாமான்னு ஒரு மெசேஜுல எத்தினி மாமா. வாய் வலிக்காது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊத்திட்டு வந்து பாத்தா என் மணி பிளாண்ட் தொட்டியோட வாசல்ல இருக்குது. சமையக்கட்டு ஜன்னல்லேருந்து சாமி படம் வரைக்கும் கொடி விட்டிருந்துது. ஒவ்வொரு இலையா ஈரத்துணியால துடைப்பேன். பக்கத்து வீட்டு அங்கம்மாள் அக்காகிட்ட தூக்கிக் குடுத்தேன். ஏன்டி, உடம்பு சரியில்லையான்னு அது கேட்டுச்சி. இல்லக்கா, வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னேன்.

தறிக்குழிக்கு மூடி செஞ்சாச்சி. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு இழைச்சிருக்காரு. குட்டிங்களுக்குச் சிராய்ப்பு ஆயிடப் போவுது பாரு!

பேருலதான் பிரேம்நாத். அந்தப் பிரேம் எங்க போவுதுன்னு இப்பத்தான் தெரியுது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்துட்டாங்க. வந்துட்டா.

ஆடிப் பதினெட்டுன்னு புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்கா சாதம் எல்லாம் கிளறி வச்சிருந்தேன். மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன். எதுக்குக் கட்டினேன்? யாரு பாக்கணும்னு? அவ பழைய சுடிதாருல ஸ்கூட்டில வந்து எறங்கினா. நெத்தியில பொட்டுகூட இல்ல. அப்படியும் நல்லாத்தான் இருக்குறா. எழுதவே பிடிக்கல, ஆனா இருக்குறா.

கூடைய ஓரமா வச்சிட்டு, குட்டி உயரத்துலேருந்து வீட்டப் பாக்கணும்கான்னு சொல்லி, தரையில கையும் முட்டியும் ஊனி தவழ ஆரம்பிச்சிட்டா. கட்டிலுக்கு அடியில, பீரோகிட்ட, தறிக்கு அடியில. உடனே இவரும் முட்டி போட்டாரு! ஏகாம்பரநாதர் கோயில்ல பிராகாரம் சுத்தக் கூப்பிட்டா முட்டி வலின்னு கொடிமரத்தாண்ட உக்காந்துக்கிற மனுஷன். ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில போயி எதையோ பாத்துச் சிரிக்கிறாங்க. ஜெயப்ரியாவும் பின்னாடியே தவழுறா. நான் மட்டும் பட்டுப்புடவையில கரண்டியோட நிக்கிறேன்.

போகும்போது ஒரு பிளாஸ்டிக் எலி குடுத்துட்டுப் போனா. விளையாடுறதுக்கு. சாதம் ரொம்ப நல்லா இருந்துதுக்கான்னு சொன்னா. தெரியும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ராத்திரியெல்லாம் கத்துச்சிங்க. இவரு எழுந்து எழுந்து போனாரு. ஜெயப்ரியா கைக்குழந்தையா இருந்தப்ப கட்டையாட்டம் தூங்கின மனுஷன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேரு வச்சாச்சி. மஞ்சக் குட்டிக்கு இவரு ஜரிகைன்னு வச்சாரு. கறுப்பு வெள்ளைக் குட்டிக்கு ஜெயப்ரியா ஜிம்மின்னு வச்சா. நாய்க்கு வைக்கிற பேருடின்னா கேக்கல.

பால் வைக்கிறது நான். மீன் வேகவச்சி முள்ளெடுத்துப் போடுறது நான். மண்ணுத் தட்டு அள்ளிக் கொட்டுறதும் நான்தான். ஆனா தின்னு முடிச்சதும் நேரா அவரு மடிக்குப் போவுதுங்க. அவரு தறியில உக்காந்தா தொடைமேல ஏறிச் சுருண்டுக்குதுங்க. அவரு அதுங்கள ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புறாரு. அவ சிவப்பு இதயம் போட்டு அனுப்புறா. பூனைக்குத்தான் போடுறா. தெரியுது. இருந்தாலும் அந்த ஃபோன்ல வந்துதானே நிக்கிது.

நான் கூப்பிட்டா ஒண்ணும் வரல. வராட்டிப் போவட்டும். எனக்கென்ன.

ஆகஸ்ட் 9, சனி

அவரு டீக்கடைக்குப் போயிருந்தாரு. தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில நூல் சுத்தினு இருந்தப்ப மீந்த அரக்குக் கலர் பட்டு நூல, கழிவோட போடாம, விரல்ல சுத்தி ஒரு பந்து கட்டினேன். எலுமிச்சம்பழம் அளவு. உருட்டி விட்டேன்.

ஜரிகை பாஞ்சி வந்துச்சி பாரு! பிடிச்சிது, மல்லாந்துது, நாலு காலாலயும் ஒதைச்சிது. ஜிம்மி கட்டில் மேலேருந்து குதிச்சிது. அந்தப் பிளாஸ்டிக் எலி மூலையில கிடக்குது, திரும்பிக்கூடப் பாக்கல. பட்டுக்கு முன்னாடி பிளாஸ்டிக் எம்மாத்திரம்?

நூல் ஆகாதுன்னு அவ சொன்னா. தரையில கிடக்குற நூலத்தான் சொன்னா. இது இறுக்கிக் கட்டின பந்து. நான் போட்ட முடிச்சு, எங்க பிரியும்?

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜரிகை இன்னைக்கு என் மடியில தூங்கிச்சி. தானா வந்து. நான் அசையவே இல்ல, கால் மரத்துப் போயிடுச்சி. உலை பொங்கி அடுப்பு அணைஞ்சிது, அணையட்டும்னு விட்டுட்டேன்.

பந்த தார்ப்பெட்டியில ஒளிச்சி வச்சிருக்கேன். அவரு இல்லாதப்ப மட்டும் எடுப்பேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எழுதிடணும்.

நேத்தே ஜரிகை சரியா சாப்பிடல. இன்னைக்குக் காலையில வாந்தி, வெறும் தண்ணி. முதுகக் கூனிக்கினு பீரோ பக்கத்துல உக்காந்துது. தொட்டா அழுவுது. வாலுக்கு அடியில ஏதோ தொங்குது. பாத்தேன். அரக்கு நூல்.

ஐயோ.

அவரு அறுத்த புடவைய எடுத்துனு முதலாளி வீட்டுக்குப் போயிருந்தாரு. ஃபோன எடுக்கல. நூல் நுனியப் பிடிச்சேன். இழுத்துடலாம்னுதான். தறியில சிக்குன இழைய எத்தினி தடவ இப்படிப் பக்குவமா இழுத்திருக்கேன், கை தானா போவுது. அப்பத்தான் தோணுச்சி, ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு. யாரக் கேக்குறது? எனக்கு வேற யாரத் தெரியும்?

அவளுக்குப் போட்டேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தா. அழுதுக்கினே சொன்னேன்.

"இழுக்காதக்கா. கைய எடு. இழுத்தா உள்ள குடல் அறுந்துடும். அப்படியே துணியில சுத்தி வை, நான் வர்றேன்."

ஒரகடத்துலேருந்து வேலைய விட்டுட்டு வந்தா. கூடைய எடுக்கக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சவ நிமிந்தா. அவ கையில என் பந்து. பாதி பிரிஞ்சி, எச்சில் பட்டு, சொதசொதன்னு. நேத்து ஒளிச்சி வைக்க மறந்துட்டேன் போல. அவ என்னப் பாத்தா. அதத் தன்னோட ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்ப மூடினா.

டாக்டர் வயித்தத் திறந்து எடுத்தாரு. குடல்ல சுருக்குப் போட்ட மாதிரி இழுத்துப் பிடிச்சினு இருந்துதாம். ட்ரேயில வச்சிக் காட்டினாரு. கழுவினதும் பளபளன்னு மின்னுது. சாயம்கூடப் போகல.

ரெண்டு நாள் தாண்டினாத்தான் சொல்ல முடியும்னாரு.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவகிட்ட இவரு ஃபோன்ல கேட்டாரு, எப்படி ஆச்சின்னு. நான் பக்கத்துலதான் இருந்தேன். "தறிக்கு அடியில ஒட்டிக்கினு இருந்த நூலு போல மாமா. யாரும் பாத்திருக்க முடியாது."

எனக்காகப் பொய் சொல்றா!

நன்றியா இருக்கணும். இருக்க மாட்டேங்குது. வயிறு எரியுது. அவ திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சமமாப் போயிருக்கும். நல்லவளா இருக்குறதுலயும் இவதான் முந்திக்கணுமா? எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டாளா?

அங்க அந்தக் குட்டி குளுக்கோஸ் ஏறிக்கினு கிடக்குது. நான் இங்க இதப் பேசினு இருக்கேன். சீ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லிட்டேன்.

ஜெயப்ரியா கொடியேத்துறதுக்கு ஸ்கூலுக்குப் போயிருந்தா. தறி ஓடல. நான்தான் பந்து கட்டிக் குடுத்தேன், தீபிகா சொன்னது பொய்னு சொன்னேன். ஏன் கட்டினேன்னும் சொன்னேன். வலை, மணி பிளாண்ட், கட்டிலுக்கு அடியில சிரிச்சது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். தறி நின்னுருந்தும் கத்தித்தான் சொன்னேன். பழக்கம்.

அவரு ஜிம்மியத் தூக்கி மடியில வச்சிக்கினாரு. அப்புறம் சொன்னாரு: "பந்து எனக்குத் தெரியும். அன்னைக்கு டீ குடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னேன். நீ தரையில உக்காந்து அதுங்களோட சிரிச்சினு இருந்த. வாணாம்னு சொல்லணும்னுதான் வந்துது. சொல்ல மனசு வரல."

நான் சிரிக்கிறத இவரு பாப்பாருன்னே எனக்குத் தெரியாது.

விட்டிருக்கலாம். விடல. அவள ஏன் கட்டிக்கலன்னு கேட்டேன். அவதான் மாட்டேன்னுட்டாளாம். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துல இருக்க முடியாதுன்னாளாம். உங்களுக்கு ஆசை இருந்துதான்னேன். இருந்துதுன்னாரு. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்புறம், உனக்கு இந்தச் சத்தம் பழகிடுச்சான்னு கேட்டாரு. இத்தினி வருஷத்துல இப்பத்தான் கேக்குறாரு.

பழகலன்னேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஜரிகை கஞ்சித் தண்ணி குடிச்சிதாம். டாக்டர் இனிமே பயமில்லைன்னாரு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டுக்கு வந்துட்டுது. வயித்துல முடி மழிச்சி, தையலோட. நக்காம இருக்கக் கழுத்துக்குக் கூம்பு போடணும். கடையில வாங்கினது பெரிசா இருந்துது. இவரு புடவை வைக்கிற அட்டைப்பெட்டிய வெட்டி ஒண்ணு செஞ்சி மாட்டினாரு. ஜரிகை கடை பொம்மை கணக்கா நடந்துது.

வேலை முடிஞ்சதும் நான் தினம் தரையில தவழுறேன். கையும் முட்டியும் ஊனித்தான். நின்னுக்கினு பெருக்குனா ஒண்ணும் தெரியல. குனிஞ்சாத்தான் தறிக்கால்ல, பாய் ஓரத்துல, எல்லா இடத்துலயும் இழை தெரியுது. அவ சொன்னது சரிதான். சரியா சொல்றவளப் பாத்தா எரிச்சலாத்தான் வருது, அதுக்கு என்ன பண்றது.

இவரு இப்பெல்லாம் நான் பேச வாயெடுத்தா தறி மிதிக்கிற கால நிறுத்துறாரு. எல்லா நேரமும் இல்ல. நாலுக்கு ஒரு தடவ.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கூம்ப எடுத்தாச்சி. ஜரிகை என் புடவை முந்தானையப் பிடிச்சினே சுத்துது. இவரு கூப்பிட்டா போகல. என்ன மறந்துட்டியாடின்னு அதுகிட்ட கேக்குறாரு. நான் காதுல வாங்காத மாதிரி வெங்காயம் உரிச்சினு இருந்தேன்.

நாளைக்குப் புள்ளையார் சதுர்த்தி. தீபிகாவ ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். நீயே கூப்பிடேன்னாரு. கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தீபிகா வந்தா. நான் பழைய நைட்டியிலதான் இருந்தேன். மாத்தல.

உள்ள வந்ததும் தரையில உக்காந்து ஜரிகை, ஜரிகைன்னு கூப்பிட்டா. ஜிம்மி போச்சி. ஜரிகை போகல. என் காலுக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சிக்கிச்சி. அவ கைய நீட்டினா. உஸ்ஸுன்னு சீறிச்சி. ஊசி போட்ட இடத்துக்குத் தூக்கினு போனவள்னு ஞாபகம் வச்சிருக்குது போல.

அவ கைய மடக்கிக்கினு சிரிச்சா. "உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிச்சி இல்லக்கா."

சிரிச்ச அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். ஒரு மாசமா கண்ணாடியில பாத்த மூஞ்சி. அவ வீட்டுல பொறந்தது. அவ கூடையில வந்தது. அவ ஓடி வரலன்னா இன்னைக்கு உசுரோட இல்ல.

சந்தோஷமாத்தான் இருந்துது. பொய் எதுக்கு? மனசுக்குள்ள அப்படி ஒரு குளுகுளுப்பு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னு அனுபவிச்சேன்.

அப்புறம் குனிஞ்சி ஜரிகையத் தூக்கினேன். நானும் தரையில உக்காந்து, அவ மடியில வச்சி, பயப்படாதடின்னு முதுகத் தடவிக் குடுத்தேன். என் கை மேலயே இருந்ததால சீறல. மெல்ல மெல்ல அவ தன் கைய உள்ள விட்டா, நான் என் கைய எடுத்துக்கிட்டேன். ஜரிகை ஒரு தடவ என்னப் பாத்துட்டு, சரின்னு தலைய சாய்ச்சிக்கிச்சி. தீபிகா தலையக் குனிஞ்சிக்கினா. கண்ணு கலங்கியிருந்துதுன்னு நினைக்கிறேன்.

சோறு வைக்கிறேன், அதுவரைக்கும் வச்சிருன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம்தான்னும் சொன்னேன்.