கறிக்குப் பெர்மிட் கிடையாது

செப்டம்பர் 9, 1958

பள்ளிக்கூட பாய்லர் பம்பில் வாஷர் போய்விட்டது. மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். பழைய பெல்ட் தோலை வெட்டிப் போட்டு ஓட்டிவிட்டேன். போர்டிங் பிள்ளைகள் நாளைக்குக் குளிக்கலாம்.

மத்தியானம் புஷ்பத்தை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆறாம் மாதம். சிஸ்டர் பிரிஜித் அவள் விரலில் குத்தி எடுத்த சொட்டைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரத்தச் சத்து ஐம்பத்திரண்டு. நூற்றுக்கு. எழுபதையாவது தொட வேண்டுமாம்.

“இந்த இரத்தத்தோடு பிரசவம் நடந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, சிலுவைராஜ்” என்றார். அயர்லாந்துக்காரர். எத்தனையோ வருடமாக இந்த மலையில் இருந்தும் பாடப்புத்தகத் தமிழ்தான். அந்தத் தமிழில் ‘பயம்’ என்றால் பயம்தான். போன வருடம் ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனபோது கூட இருந்தவர் அவர்தான்.

இரும்பு மாத்திரை வாந்தியாகிறது. ஈரல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கறி வாசனையே ஆகவில்லை என்கிறாள். மசக்கை இத்தனை மாதமா நீளும்?

சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் அம்மா ஊரில் வைக்கும் குழம்பைச் சொன்னார். மாட்டுக்கறியைக் கறுப்பு பீரில் மெதுவாக வேகவைப்பது. ஈரலின் கவிச்சி அதில் இருக்காது, உடம்பு தேறும் என்றார்.

“பீரா சிஸ்டர்? இங்கயா?” மதுவிலக்கு வந்து பத்து வருடம் ஆகிறது.

“கொதிக்கும்போது மது ஆவியாகிவிடும். சத்து மாத்திரம் நிற்கும். நான் சீட்டு எழுதித் தருகிறேன்.”

செப்டம்பர் 12

பெர்மிட் ஆபீஸ். அரை நாள் போச்சு. கிளார்க் வேலப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?”

“குடிக்கிறதில்ல.”

“அப்ப பெர்மிட் எதுக்கு?”

“கறியில ஊத்த.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “கறிக்குப் பெர்மிட் கெடையாதுங்க. மனுசனுக்குத்தான்.”

சீட்டு என் சம்சாரத்துக்கு என்றேன். மாசமாக இருக்கிற பிள்ளையைக் குடிகாரி என்று எழுதினால் ஊர் சிரிக்காதா என்றார். நியாயம்தான். “உங்க பேர்லயே போட்டுருவோம். அஞ்சு வருஷப் பழக்கம்னு போடவா, பத்துன்னு போடவா? பத்துன்னா ரெண்டு பாட்டில் கூட வரும்.”

“பத்து.”

எனக்கு இருபத்து நாலு வயது. மீசை முளைக்கும் முன்பே குடிக்க ஆரம்பித்தவன் ஆகிவிட்டேன்.

செப்டம்பர் 14

கறி வாங்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இப்ராம்சா பாய் முன்னங்கால் கறியை எலும்போடு வெட்டிக்கொண்டே என்ன குழம்பு என்று கேட்டார். சொன்னேன். கத்தி நின்றது.

“தம்பி, கறி கேட்டீங்க, குடுத்தேன். அதுக்கப்புறம் நீங்க பேசினது ஒண்ணும் எங்காதுல விழல. சரியா?”

வீட்டில் மாமியார். “சாராயம் ஊத்துற சட்டிய நான் தொடமாட்டேன் மாப்பிள்ளை. எங்க வீட்ல யாரும் தொட்டதில்ல” என்று சூசையம்மாள் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். புஷ்பத்தை அடுப்படியில் நிறுத்தக் கூடாது. மிச்சம் யார்? பாய்லர் மெக்கானிக்.

கறியை மாவில் புரட்டிக் கொழுப்பில் சிவக்க வறுத்தேன். வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, டர்னிப். பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். கருப்பட்டிப் பாகு மாதிரி நிறம், நுரை. மத்தியானம் முழுக்கக் கொதித்தும் கறி செருப்புத் தோல்.

தப்பு கறியில் இல்லை. ஏழாயிரம் அடி உயரம். இங்கே தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. எவ்வளவு விறகு வைத்தாலும் வீண். ஆவியை அடைக்க வேண்டும்.

செப்டம்பர் 17

ஒர்க்‌ஷாப்பில் கனமான அலுமினியச் சட்டிக்கு மூடி கடைந்தேன். ரப்பர் வளையம், நாலு போல்ட், ஆவி மிஞ்சினால் தூக்கிவிடும் பித்தளை எடை. விசில் அடித்ததும் அத்தை தெருவுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு, “ஏ புஷ்பம், வெளிய வா. உம் புருசன் வீட்டுக்குள்ள ரயில் விடுறாரு” என்று கத்தினார்.

கறி பஞ்சு மாதிரி வெந்துவிட்டது. லேசான கசப்பு, ஒரு துண்டு வெல்லம் போட்டதும் சரியானது. நன்றாகவே இருந்தது என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். புஷ்பம் கிண்ணத்தை உள் அறைக்கு எடுத்துப் போனாள். யாராவது பார்த்தால் குமட்டுகிறதாம். கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

செப்டம்பர் 24

தினமும் காலி. அப்பாடா.

செப்டம்பர் 30

ஐம்பத்தொன்று. ஏறவில்லை. இறங்கியிருக்கிறது.

அக்டோபர் 7

மறுபடி ஐம்பத்தொன்று. குழாயிலுள்ள கோடுகள் அழிந்திருக்கும், இந்தக் கருவி தப்பு என்று சிஸ்டரிடம் சொன்னேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் என் விரலைப் பிடித்துக் குத்தினார். தொண்ணூற்றாறு.

கருவி சரி. கறி சரி. வேக்காடு சரி. பிறகு எங்கே போகிறது? என் இரத்தத்தை அவளுக்கு ஏற்ற முடியுமா என்று கேட்டேன். சோதித்தார். சேராதாம். ஏழாம் மாதம் ஆகிவிட்டது. அந்த ஏழு என்ற எண்ணை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 15

மழையில் கரண்ட் இல்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்தேன்.

அடுப்படியில் அத்தை எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என் கிண்ணம். என் கறி. பக்கத்தில் புஷ்பம் மோர்ச்சோறும் ஊறுகாயும்.

“என்ன அத்தை இது?”

எலும்பைக் கீழே கூட வைக்கவில்லை. “வெளிய கொட்டினா நாய் காட்டிக் குடுத்துரும் மாப்பிள்ளை.”

ஒரு மாசம். ஒரு மாசமா நான் வெந்து வேகவெச்சதெல்லாம் இந்தக் கெழவி வயித்துக்குள்ள போயிருக்கு. சட்டியைத் தொடமாட்டாளாம், தின்பாளாம். இதை நான் மனசுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

புஷ்பம்தான் சொன்னாள். “நான் சாப்பிடக் கூடாதுங்க. பிள்ளை முழுசாக் கைக்கு வர்ற வரைக்கும் கறி தொடமாட்டேன்னு சலேத் மாதாகிட்ட நேர்ந்திருக்கேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நேர்ச்சைய வெளிய சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது. சொன்னாலும் நீங்க வள்ளுன்னு விழுவீங்க.”

“நேர்றதுக்கு உனக்குக் கறிதானா கெடச்சுச்சு? பாவக்காய நேர்ந்திருக்க வேண்டியதுதானே?”

“பாவக்காய் எனக்குப் பிடிக்காதே. பிடிக்காததக் குடுத்து யாராவது பிள்ளை கேப்பாங்களா?”

இரத்தம், சதவிகிதம், சிஸ்டரின் பயம், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “போன தடவை நல்லாத்தானே சாப்பிட்டேன்” என்றாள். அவ்வளவுதான். உதடு வெளுத்திருக்கிறது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டு.

அக்டோபர் 16

பங்குச்சாமியாரிடம் அவளைக் கூட்டிப் போனேன்.

“இந்த நேர்ச்சைய ரத்து பண்ணிருங்க சாமி.”

“ரத்து பண்றதுக்கு இது என்ன பஸ்ஸா?” என்றார். பிறகு அவளைப் பார்த்து, மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இடம் உண்டு, வேறொன்றைச் செய்யலாம் என்று விளக்கினார். பிள்ளைத்தாச்சி செத்துப் போகட்டும் என்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள் என்றும் சொன்னார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “குடுத்துட்டுப் பிடுங்குற மாதிரி இருக்குங்க சாமி. மாதா பிள்ளையக் கீழ போட்டுட்டாங்கன்னா? நேர்ச்சைய யாராவது சுமக்கணும்ல.”

“நான் சுமக்கறேன்” என்றேன். “நீ சாப்பிடு. நான் கறிய விடறேன்.”

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் தட்டைத் தள்ளுகிறவன் நான். “நீங்களா?” என்றாள். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபப் புத்தகத்தை எடுத்தார்.

கிளம்பும்போதுதான் தோன்றியது. “சாமி, உப்பு மட்டும் ருசி பாக்கலாமா? முழுங்காமத் துப்பிருவேன்.”

“துப்பினது ருசியில்லன்னு உன் நாக்கு ஒத்துக்குமா?”

இதையெல்லாம் நம்புகிறேனா? தெரியவில்லை. பயப்படுகிறேன். அது மட்டும் தெரிகிறது.

அக்டோபர் 18

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லவே இல்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். குமட்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

உப்பு பார்த்துச் சொல்லச் சொல்லி அத்தையிடம் கேட்டேன். “கெழவின்னு சொன்ன வாய் இருக்குல்ல, அதை வெச்சே பாத்துக்கங்க.”

நான் ரசம்.

அக்டோபர் 28

ஐம்பத்து நாலு. ஏறுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் என்னிடம் பாட்டில் கேட்டான். பெர்மிட் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் குடியை மறைக்கக் குழம்புக் கதை கட்டுவதாகப் பேச்சு. பேசட்டும்.

நவம்பர் 8

மழை விடவில்லை. உப்பு கசிந்து கல்லாகக் கிடக்கிறது. ஈர உப்பில் பாதி எடை தண்ணீர்தானே, அப்படியானால் குழம்பில் உப்பு குறையும். ஒரு கரண்டி கூடப் போட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா இருக்கு” என்றாள்.

நவம்பர் 17

கடையில் இந்தத் தடவை வேறு பாட்டில் கொடுத்தார்கள். முன்னதைவிடக் கறுப்பு. வெல்லம் தீர்ந்துவிட்டது, மழையில் வெளியே போக நேரமில்லை. போட்டுத்தான் ஆகவேண்டுமா? பீரின் குணம் அதே குணம்தானே. கேட்டேன். “நல்லா இருக்கு.”

பஜாரில் கறி வாசனை மூக்கில் ஏறுகிறது. இப்ராம்சா பாய், “வாரம் முழுக்க வாங்குறீங்க, ஆளு இளைச்சுக்கிட்டே போறீங்களே தம்பி” என்றார்.

நவம்பர் 25

அறுபத்து மூன்று. சிஸ்டர் சந்தோஷப்படவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது நல்லது, அங்கே இரத்தம் கிடைக்கும் என்றார். அடுத்த வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். கார் பேசியாகிவிட்டது.

டிசம்பர் 2

பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு மூடிக் கிடக்கிறது. பஸ் இல்லை, கார் இல்லை. எப்போது திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. காய் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அழுகல் வாடை.

புஷ்பம் துணி மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்து வைத்தாள். ஏதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

டிசம்பர் 5

எப்படி இருக்கிறது? நல்லா இருக்கு. கிண்ணம் காலி. இப்போது பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கிறேன், அவள்தான் தின்கிறாள். தண்ணீர் நிறையக் குடிக்கிறாள். அது நல்லதா கெட்டதா என்று சிஸ்டரிடம் கேட்க வேண்டும்.

டிசம்பர் 10

ஆஸ்பத்திரி வராந்தா. காலையில் வலி கண்டது. வெள்ளனே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். உள்ளே விடவில்லை.

அத்தை பெஞ்சில் ஜெபமாலை உருட்டுகிறார். எனக்கு உட்கார முடியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அறுபத்தாறு. எழுபது இல்லை. அறுபத்தாறு போதுமா? பாய்லரில் என்றால் எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்று தகட்டில் அடித்திருப்பார்கள்.

ஒரு நர்ஸ் துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். சிவப்பு. நிறைய. இவ்வளவு இருக்குமா? யார்ட்ட கேக்கறது? அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “சும்மா இருங்க மாப்பிள்ளை. அலையாதீங்க.” கையை விடவில்லை.

டிசம்பர் 11

எழுத முடியவில்லை. நாளை.

டிசம்பர் 18

சிஸ்டர் இன்னும் ஒரு மாதத்துக்கு அதே குழம்பைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வைத்தேன். எடை, அளவு எல்லாம் வழக்கம்போல.

இன்று நானும் ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டேன். அத்தை பார்த்தார், தடுக்கவில்லை.

ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரிப்பு. அதற்குப் பின்னால் வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு கசப்பு தொண்டை வரை இறங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். அதேதான். இதையா? தினமும் ரெண்டு கிண்ணம்?

உள்ளே போனேன். புஷ்பம் சுவரில் சாய்ந்து மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இதையா நல்லா இருக்குன்னு சொன்னே?”

கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சொல்லியிருந்தா அதையும் சரிபண்றேன்னு நாலு நாளு அடுப்பப் பிரிச்சுப் போட்டிருப்பீங்க. சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ண மூடுறா.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து கிண்ணத்தில் இருந்ததைக் கடைசி வரை தின்று முடித்தேன்.