கதவுக்கு முட்டாக இருந்த கோடாலி

இன்றைக்குக் காலையில் என் மருமகள், தருமபுரியில் வாங்கிவந்த புதுக் கோடாலியை ஓங்கிப் புளியங்கட்டை மேல் போட்டாள். அது உள்ளே போய்க் கடித்துக்கொண்டது. ஆட்டினாள், இழுத்தாள், கட்டையோடு சேர்த்துத் தூக்கியும் பார்த்தாள். "என்னங்கத்த, இவ்வளவு கூரா இருக்குது, பொளக்க மாட்டேங்குதே" என்றாள். வெட்டுவாயிலிருந்து அந்தப் பழைய புளிப்பு வாசம் எழுந்தது. உன் நெனப்பு வந்துவிட்டது, புள்ள.

மூணாவதோடு படிப்பு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் அன்றைக்கு வாசலில் இருந்தவர்களில் ஒருத்தரைக்கூட நான் மறக்கவில்லை. என்னைக் கூட்டிப்போக நல்லம்பள்ளியிலிருந்து வந்த என் அண்ணன் முனுசாமி. கயித்துக் கட்டிலில் நம் மாமியார். நாயம் சொல்ல வந்த மேல்வூட்டுப் பெரியவர் கோவிந்தன். என் சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணனும் செல்வியும். கதவுக்குப் பின்னால் நீ. அப்புறம் உன் வூட்டுக்காரர், என் கொழுந்தன். அவர் பேரைக் கடைசியில் சொல்கிறேன்.

காமாலையில் என் வூட்டுக்காரர் போய்க் கருமாதி முடிந்த மறுநாள் அது. தனி அடுப்பு வைத்து நானும் பிள்ளைகளும் இங்கேயே இருப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அண்ணனோடு போவதா என்பதுதான் பேச்சு. போனால் எங்கள் பங்கு நிலத்தை உன் வூட்டுக்காரர் "பார்த்துக்கொள்வார்". அப்படிப் பார்த்துக்கொண்ட நிலம் திரும்பி வந்ததாக நம் ஏரியூர்ப் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"அண்ணி தனியா இருந்து என்னங்க பண்ணுவாங்க? அடுப்புக்கு வெறவு ஒடைக்கவே ஒரு ஆம்பள வேணும்" என்றார் உன் வூட்டுக்காரர்.

"நானே ஒடச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. அதுவரைக்கும் நான் சுள்ளி முறித்திருக்கிறேன், கட்டை பிளந்ததில்லை.

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் தன்னுடைய நீளக் கோடாலியை எடுத்து வந்தார். எல்லாரும் பார்க்கக் கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டினார். "அண்ணிக்கின்னே கூராக்கித் தர்றேன்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். என் அண்ணனுக்கே மனசு குளிர்ந்துவிட்டது. எவ்வளவு நல்ல மனுசன் பார் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

நானும் நம்பினேன். கூராக இருந்தால் பிளக்கும் என்றுதானே எவளும் நினைப்பாள்? கட்டைக்கு நட்டநடுவில் போட்டேன். நறுக்கென்று போய் மாட்டிக்கொண்டது. காம்பு என் நெஞ்சு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது, நான் அதில் தொங்குகிறேன். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "வெறவுக்கே இப்படின்னா வெள்ளாமைக்கு எப்படிங்கண்ணி?" என்றார் உன் வூட்டுக்காரர். அண்ணன் என் துணி மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் பட்டியிலிருந்து அந்தக் கொம்பு ஒடிந்த ஆடு ஓடிவந்தது. அதை நீதான் அவிழ்த்துவிட்டாய் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அதன் பின்னாலேயே நீ வந்தாய், கையில் ஆட்டுப்பட்டிக் கதவுக்கு முட்டாகக் கிடந்த துருப்பிடித்த குட்டைக் கோடாலி. ஆட்டை மிரட்டுகிறவள் மாதிரி அதை ஆட்டிக்கொண்டே வந்து என் காலடியில் போட்டாய். பெரியவங்க முன்னால் நீ பேசக்கூடாது. ஆட்டிடம் பேசலாம்.

"ஏண்டி, நடுவுல போயி எதுக்கு முட்டுற? ஓரமா போடி! வெடிப்பு இருக்குதே, அந்தப் பக்கமா போ! கால அகட்டி நில்லு, ஒதச்சுரப்போற!"

ஆடு எந்தக் காலத்தில் கால் அகட்டி நின்றது? எனக்கு விளங்கிவிட்டது. குட்டைக் கோடாலியை எடுத்தேன். வாய் மழுங்கல்தான். ஆனால் கையில் அடங்கி உட்கார்ந்தது. கால்களை அகட்டினேன். காய்ந்த வெடிப்பு கட்டையின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது, அதன் மேல் போட்டேன். ஒரு பக்கம் பட்டையோடு பெயர்ந்து விழுந்தது. திருப்பிப் போட்டுக்கொண்டு அடுத்த ஓரம். மூணாவது சிராய் விழுந்தபோது, நடுவில் கடித்துக்கொண்டிருந்த அந்தக் கூர்க் கோடாலி தானாகவே கழன்று உன் வூட்டுக்காரர் காலடியில் டங்கென்று விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மேல்வூட்டுப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அடுப்பு இங்கயே எரியட்டும்ப்பா" என்றார். அண்ணன் மூட்டையைக் கீழே வைத்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் நீ எனக்குச் சொன்னது ஒவ்வொன்றும் காதில் இருக்கிறது. எதையும் உன் அம்மா வூட்டுக் கன்னடத்தில் "நோடக்கா" என்றுதான் ஆரம்பிப்பாய், பாருக்கா என்று சொல்லவே வராது உனக்கு.

"நோடக்கா, மரத்தச் சாய்க்கிற கோடாலி வேற. அதுக்கு வாய் மெலிசா, கூரா இருக்கணும். வெறவு பொளக்கிறதுக்குக் கன்னம் பெருத்திருக்கணும். வாய் உள்ள போகும், கன்னந்தான் ரெண்டா பிரிக்கும். கனமா இருந்தா நல்லா பொளக்கும்னும் எடுக்காத. புதுசா பழகுறவளுக்குக் கை ஓஞ்சா குறி தப்பும், காலுக்கு வந்துரும்."

கோடாலித் தலையை என் உள்ளங்கையில் வைத்துக் காம்பைக் கையோடு சேர்த்து நீட்டினாய். நுனி அக்குளில் வந்து நின்றது. "இதுதான் உன் அளவு. இதுக்கு மேல நீண்டா அடுத்தவன் கோடாலி" என்றாய். கணு விழுந்த கட்டைக்குக் கோடாலியே கூடாது, இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடி என்றாய்.

"இதெல்லாம் உனக்கு எப்படிடி தெரியும்?"

"எங்கப்பனுக்கு அஞ்சும் பொண்ணு. வெல்லம் காச்சுற கொப்பரைக்கு வெறவு யாரு பொளப்பா?"

அந்தக் குட்டைக் கோடாலி உன் அப்பா வூட்டிலிருந்து பித்தளைப் பாத்திரத்தோடு சீராக வந்ததாம். பொண்ணுக்கு எவனாவது கோடாலி சீர் வைப்பானா என்று இந்த வூட்டில் சிரித்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் வந்த பத்து நாளில் என் சீர்க் குடத்தைச் சொட்டை விழுந்தது என்று சிரித்தவர்கள்தானே. அதையும் நான் மறக்கவில்லை.

"உன் வூட்டுக்காரருகிட்டச் சொல்லட்டுமா, நீதான் காப்பாத்துனேன்னு?" என்று கேட்டேன்.

"அய்யோ, வேண்டாங்கா! எனக்குப் பொளக்கத் தெரியும்னு தெரிஞ்சா அத்தன வெறவையும் என் தலையில கட்டிருவாங்க. ஆடு ஓடிச்சு, கையில கெடச்சதத் தூக்கிட்டு ஓடியாந்தேன், அவ்வளவுதான்."

நீ சிரித்த சிரிப்பில் ஆடுகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன.

நீ கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்கவில்லை. கண்ணன் படித்தான், செல்வியைக் கட்டிக்கொடுத்தேன், பங்கு நிலத்தில் இன்றைக்கும் ராகி விளைகிறது. காஸ் வந்த பிறகும் வெந்நீர் அடுப்பு என் வாசலில்தான் எரிகிறது. அந்த அடுப்பை நீ எனக்குக் கொடுத்தாய், புள்ள. அதில் காய்ந்த தண்ணீரில்தான் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டினேன்.

நீ போன அன்றைக்கு வாசலில் உன் வூட்டுக்காரர் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், ஒண்ணும் தெரியாதவ. அண்ணி கட்ட ஒடச்ச அன்னைக்கு, கதவு முட்டத் தூக்கிட்டு ஆட்டுப் பின்னாடி ஓடியாந்தவளாச்சே." நாலு பேர் சிரித்தார்கள். நீ உள்ளே கிடக்கிறாய், வெளியில் சிரிக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. உன் பேச்சுக்காக முழுங்கினேன். இப்போது எழுதிவிட்டேன். இனிமேல் உன் தலையில் யாரும் வெறவு கட்ட முடியாது.

காலையில் மருமகளிடம் உன் குட்டைக் கோடாலியை எடுத்துக் கொடுத்தேன். எத்தனையோ தடவை காம்பு மாற்றியாகிவிட்டது, தலை உன்னுடையதுதான். அவளும் கையோடு வைத்துப் பார்த்தாள், அக்குளில் வந்து நின்றது. அவளுக்கு ஆட்டை விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, நேராகவே சொன்னேன், ஓரத்தில் போடு என்று. புளியங்கட்டை பிளந்தது.

பக்கத்தில் துண்டோடு வெந்நீருக்கு உட்கார்ந்திருந்தார் உன் வூட்டுக்காரர். "பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார். தண்ணீரை விளாவி வைத்தேன். வெந்நீர் உண்டு, அவர் இருக்கிற வரைக்கும் உண்டு. நான் மன்னிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான், எனக்குச் செய்ததற்காக அல்ல, உன்னை ஒன்றும் தெரியாதவள் என்று சொன்னதற்காக. ஆயுசுக்கும் நீ வாயெடுத்துச் சொல்லாத அந்தப் பேரை உனக்கும் சேர்த்து நானே சொல்கிறேன்.

மாதையன்.